தொழில்வழிச் சிகிச்சையாளர் என்பவர் யார்?

வைத்தியசாலையில் ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்ற பெயரைக் கண்டதும் எங்கள் மக்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. "இங்கை வேலைக்குப் பதியினமோ?" என்பது ஒன்று. "தையல், தச்சு ஏதேனும் பழக்குவினமோ?" என்பது மற்றது. உடுவிலிலும் அதன் அயலிலும் இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களிடம் போய்வருகையில் இக்கேள்விகள் என் காதிலும் பல தடவை விழுந்திருக்கின்றன.

கேட்பவர்களைக் குறைசொல்ல முடியாது. தொழில் என்ற சொல்லுக்கு எங்களிடம் உள்ள பொருள் சீவனோபாயம். தோட்டக்காரனுக்குத் தோட்டம் தொழில். கடலுக்குப் போகிறவனுக்குக் கடல் தொழில். ஆகவே தொழில்வழிச் சிகிச்சை என்றால் வேலையில்லாதவருக்கு வேலை கொடுக்கும் ஏதோ ஒரு திட்டம் என்று நினைப்பது இயல்பே.

ஆனால் இந்த மயக்கத்துக்கு விலை உண்டு. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தோட்டக்கார ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டும்போது, தொழில்வழிச் சிகிச்சைக்குப் போகும்படி ஒரு கடிதமும் கொடுத்தார்கள். வீட்டார் போகவில்லை. "அவருக்கு எழுபத்தைஞ்சு வயதாகுது சுவாமி. இனி என்னத்துக்குத் தொழில்?" என்றார் அவருடைய மனைவி. கடிதம் மருந்துச் சீட்டுகளோடு ஒரு பிஸ்கற் பேணிக்குள் கிடந்தது. ஐந்து மாதங்கள் கடந்தன. அதற்குள் வலக்கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்து இறுகிவிட்டன. தோளில் தாங்க முடியாத நோ. மூன்று நேரமும் மனைவி தீத்தினால்தான் அவருக்குச் சாப்பாடு.

ஒரு பெயர் விளங்காததால் ஐந்து மாதங்கள் போயின. ஆகவே அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பணியைப் பற்றிச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நம் எல்லோருக்கும் பயன்தரும்.

பெயரால் வந்த மயக்கம்

மருத்துவத்தை மக்களுக்கு விளங்கும் சொல்லில் சொல்ல வேண்டும் என்பதை எங்கள் அயலிலேயே ஒருவர் நன்கு உணர்ந்திருந்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, உடுவிலுக்கு அண்மையிலுள்ள மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் பின்னர் தமிழிலேயே கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும் வெளிவந்தன. சத்திரசிகிச்சை பற்றிய நூலுக்கு அவர் வைத்த பெயர் ‘இரண வைத்தியம்’. இரணம் என்றால் புண் என்று அறிந்த மக்களுக்கு அப்பெயர் புதிதாக இருந்திராது.

கிறீனின் காலத்தில் தொழில்வழிச் சிகிச்சை என்றொரு துறை உலகில் இருக்கவில்லை. அது பிற்காலத்தில் வந்தபோது ஆங்கிலப் பெயரையே சொல்லுக்குச் சொல் தமிழாக்கினார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உத்தியோகம் என்ற பொருள் உண்டு. ஒருவருடைய நேரத்தையும் மனத்தையும் நிறைத்திருக்கும் காரியம் என்ற பொருளும் உண்டு. இந்தச் சிகிச்சை நிற்பது இரண்டாவது பொருளில். தமிழ்ப் பெயரோ முதலாவதைப் பிடித்துக்கொண்டது.

காலையில் எழுந்து முகம் கழுவுவது, சாரம் உடுப்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துவது, தேங்காய் துருவுவது, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்பி விடுவது, கோயிலுக்குப் போவது, பின்னேரம் படலையடியில் இருந்து நாலு பேருடன் கதைப்பது - இவை எல்லாம் சேர்ந்துதான் இந்தச் சிகிச்சை சொல்லும் ‘தொழில்’. நோயோ காயமோ குறைபாடோ இவற்றைச் செய்ய விடாமல் ஒருவரைத் தடுக்கும்போது, அவர் மீண்டும் செய்வதற்கு வழி காண்பவரே தொழில்வழிச் சிகிச்சையாளர். ‘செயல்வழிச் சிகிச்சை’ என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு எளிதாக விளங்கியிருக்கும்.

ஒரு கட்டடக் கலைஞரின் தோட்டம்

இத்துறை பிறந்த கதை விவசாயிகளுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று. அமெரிக்காவில் ஜோர்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். அவருக்குக் காசநோய் வந்தது. பின்னர் இடது காலில் சில விரல்களை அகற்ற வேண்டி வந்தது. அதன் பின் உடலின் இடப்பக்கம் இயங்காமற் போனது. மனமுடைந்து கிடந்த அவருடன் எல்வூட் வூஸ்ரர் என்ற குருவானவர் இருந்து கதைத்தார். பார்ட்டன் மெல்ல மெல்லத் தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்யத் தொடங்கினார். செய்யச் செய்ய உடல் தேறியது, மனமும் தேறியது. தான் தேறிய வழியில் மற்றவர்களையும் தேற்றலாம் என்று அவர் கண்டார்.

1917 மார்ச் மாதத்தில் நியூயோர்க் மாநிலத்தின் கிளிப்ரன் ஸ்பிறிங்ஸ் என்ற ஊரில், அவருடைய வீட்டிலே, ஆறு பேர் கூடி இத்துறைக்கான முதலாவது சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆறு பேரில் மருத்துவர் ஒருவரே. மற்றவர்களில் கட்டடக் கலைஞர்களும், கைப்பணி ஆசிரியையும், சமூகப் பணியாளரும் இருந்தார்கள். முதலாம் உலகப் போரில் காயப்பட்டு வந்த படையினரைத் தேற்றும் பணி இத்துறையை வேகமாக வளர்த்தது. போரின் காயங்களிலிருந்து வளர்ந்த துறை என்பதும் எங்கள் மக்கள் கவனிக்க வேண்டியது.

1950 இல் கமலா நிம்ப்கர் என்ற அம்மையார் பம்பாயில் கே.ஈ.எம். வைத்தியசாலையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். 1952 இல் உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் உருவானபோது இந்தியாவும் அதன் தொடக்க உறுப்பு நாடுகளில் ஒன்றாக இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைத்தியர் மேரி வர்கீஸின் கதையைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1954 இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் அவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்பு புனர்வாழ்வு மருத்துவம் கற்று, 1966 இல் அங்கே புனர்வாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். சத்திரசிகிச்சை விரலை நிமிர்த்தும். நிமிர்ந்த விரலால் கோப்பையில் சோறு பிசையப் பழக்குவது வேறொரு வேலை என்பதை அந்த நிலையம் தமிழ் மண்ணில் நடைமுறையில் காட்டியது.

ஒரே கை, இரண்டு கேள்விகள்

"அப்ப பிசியோ செய்யிறவைக்கும் இவைக்கும் என்ன வித்தியாசம்?" இது அடிக்கடி வரும் அடுத்த கேள்வி. இயன்மருத்துவர் எனப்படும் பிசியோதெரப்பிஸ்ற் கேட்பது, இந்தக் கை எவ்வளவு தூரம் உயரும், எவ்வளவு பலம் உள்ளது என்பது. தொழில்வழிச் சிகிச்சையாளர் கேட்பது, இந்தக் கையால் நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பது. இருவரின் பணியும் பல இடங்களில் ஒன்றையொன்று தொடும். ஒருவர் இருந்தால் மற்றவர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இலங்கை மருத்துவ சபையிலும் இவ்விரு துறையினரும் தனித்தனியாகவே பதியப்படுகிறார்கள். இந்தியாவில் 2021 இல் நிறைவேறிய துணை மருத்துவத் துறையினர் சட்டமும் இவர்களைத் தனித்தனித் துறையினராகவே குறிப்பிடுகிறது.

மேலே சொன்ன ஐயா கடைசியில் சிகிச்சைக்குப் போனார். அங்கிருந்த சிகிச்சையாளர் ஓர் இளம் பெண். அவர் முதலில் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. "ஐயா, நோய் வர முந்தி விடிய எழும்பினால் முதல் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டார். ஐயாவுக்குப் பேச்சு முழுதாக வரவில்லை. இடக்கையால் மண்வெட்டி பிடிப்பதுபோலக் காட்டினார். அதிலிருந்து தொடங்கியது சிகிச்சை.

விரல்கள் மேலும் இறுகாமல் இருக்கக் கையைத் தாங்கும் மட்டை ஒன்று செய்து கட்டினார்கள். சேட் போடும்போது வலுவில்லாத கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்கவும் பழக்கினார்கள். எழுப்பும்போது அந்தக் கையில் பிடித்து இழுக்கக் கூடாது என்று மனைவிக்குக் காட்டினார்கள். தோள் நோவுக்கு அதுவும் ஒரு காரணம். கரண்டிப் பிடியில் பழைய சைக்கிள் ரியூப் சுற்றித் தடிப்பாக்கி, இடக்கையால் சாப்பிட வைத்தார்கள். பிறகு ஒரு மேசையில் வெங்காயத்தைப் பரப்பி, நல்லதையும் அழுகலையும் பிரிக்கச் சொன்னார்கள். இடக்கை பொறுக்க, வலக்கை சுளகு நகராமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

வலக்கை பழையபடி விரியவில்லை. நேரத்தோடு வந்திருந்தால் இந்த அளவுக்கு இறுகாமல் பார்த்திருக்கலாம் என்று சிகிச்சையாளர் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் ஐயா இன்று தானே சாப்பிடுகிறார். அவர் மனைவி சூடாக ஒரு பிடி சோறு சாப்பிடுவதும் அதன் பின்புதான்.

"வருத்தக்காரனை வேலை வாங்கிறதோ?"

எங்கள் சமூகத்தில் அன்பைக் காட்டும் வழி, வருத்தக்காரருக்கு எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பது. தீத்துவோம், குளிப்பாட்டுவோம், தலை இழுத்துவிடுவோம். "அப்பு, நீங்கள் பேசாமல் படுங்கோ" என்போம். இப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் வந்து, அவரையே வெங்காயம் பொறுக்க விடுங்கள் என்றால் கோபம் வருகிறது. வருத்தக்காரனை வேலை வாங்குகிறார்கள் என்று பேச்சு எழுகிறது. ஐயாவின் மகனும் முதல்நாள் அப்படித்தான் முகம் சுளித்தார்.

இங்கே விளங்கிக்கொள்ள வேண்டியது, வெங்காயம் அந்த இடத்தில் மருந்து என்பது. மாத்திரைக்கு அளவு இருப்பதுபோல வேலைக்கும் அளவு உண்டு. முதலில் இருந்துகொண்டு பத்து நிமிடம், பிறகு இருபது நிமிடம், பிறகு நின்றுகொண்டு, பிறகு இரண்டு கையாலும் தாள் அரிவது. எந்த வேலையை, எந்த உயரத்தில், எவ்வளவு நேரம், எந்தக் கையால் என்று தீர்மானிப்பதற்கு உடற்கூறும் நரம்பியலும் உளவியலும் படித்திருக்க வேண்டும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு வெங்காயம் மட்டுமே தெரிகிறது.

பிள்ளைகளிலும் இதே கதைதான். மூளைவாதம் உள்ள பிள்ளையைக் கூட்டிப்போன ஒரு தாய், "அங்கை விளையாட்டுத்தான் காட்டுகினம்" என்று சலித்துக்கொண்டார். பிள்ளையின் தொழில் விளையாட்டு. பந்தை எட்டிப் பிடிக்கும்போது முதுகு நிமிர்கிறது; கட்டையை அடுக்கும்போது விரல்கள் விரிகின்றன. முதுகையும் காலையும் தாங்கும் ஒரு கதிரை சரியாக அமைந்தால், அதுவரை படுத்தபடி விழுங்கிய பிள்ளை நிமிர்ந்திருந்து பாதுகாப்பாகச் சாப்பிடும். அந்தத் தாய் இடையில் நிறுத்தாமல் போனார். பிள்ளை இப்போது பேணியைத் தானே பிடித்துக் குடிக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத பணி

வைத்தியரின் கழுத்தில் குழாய் தொங்குகிறது. பிசியோ பகுதியில் இயந்திரங்கள் இருக்கின்றன. தொழில்வழிச் சிகிச்சையாளரின் மேசையில் கரண்டி, பொத்தான், சீப்பு, சணல் கயிறு இருக்கின்றன. அதனால் அவரைச் சிலர் தாதி என்கிறார்கள். சிலர் பிசியோ மிஸ் என்கிறார்கள். சிலர் கைவேலை ரீச்சர் என்கிறார்கள். மனநல விடுதிகளில் கூடை பின்னவும் கடித உறை ஒட்டவும் வைத்த பழைய வழக்கமும், இவர்கள் நேரம் போக்காட்டுகிறவர்கள் என்ற எண்ணத்தை விட்டுச் சென்றிருக்கிறது. ஒரு நாளின் ஒழுங்கே குலைந்துபோன மனநோயாளிக்கு, விடிய எழுந்து குளித்து ஒரு காரியத்தைத் தொடங்கி முடிப்பதே பெரிய படி என்பதைப் பலர் காண்பதில்லை.

"சிகிச்சை தொடங்க முந்தி நான் யார் என்று விளங்கப்படுத்தவே அரைமணித்தியாலம் போகுது பாதர்" என்று இத்துறையில் பல ஆண்டுகள் பணிசெய்த ஒருவர் என்னிடம் சொன்னார். வெளிநாடுகளிலும் இவர்களுக்கு இதே அனுபவம் உண்டு. ஆண்டுதோறும் ஒக்ரோபர் 27 ஆம் நாளை உலகத் தொழில்வழிச் சிகிச்சை நாளாகக் கொண்டாடி, தங்கள் பணியை மக்களுக்கு எடுத்துச் சொல்ல முயல்கிறார்கள். சிகிச்சை வெற்றி பெற்றால் நடப்பது என்ன? ஒருவர் தன் சேட்டைத் தானே போட்டுக்கொள்கிறார். அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. பணி நன்றாக நடந்தால் மறைந்துபோகிறது. அப்படி மறைவதால் ஆட்களும் இடமும் பணமும் ஒதுக்கப்படும்போது இத்துறை பின்னால் நிற்க நேர்கிறது. மக்கள் கேட்காத சேவை வளராது.

மண்ணோடு போன நாட்கள்

இடம்பெயர்ந்தவர்களுக்கு இதில் தனிப்பட்ட ஒரு பாடம் உண்டு. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வந்தவர்கள் உடுவில், சுன்னாகம், மல்லாகம் பகுதிகளில் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே பெயர்ந்தது. 2009 இன் பின் காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டன. இன்றும் விடுபடாத காணிகள் உள்ளன. இழந்ததைக் கணக்கிடும்போது காணி எத்தனை பரப்பு, கிணறு எத்தனை, வாழை எத்தனை என்று எழுதினோம். நான்கு மணிக்கு எழும்பி இறைப்புக்குப் போன மனிதன், நிவாரணத்துக்குக் காத்திருக்கும் மனிதனாக ஆனதை எந்தப் படிவத்திலும் எழுத இடமிருக்கவில்லை.

செய்ய வேண்டிய காரியங்கள் ஒருவரிடமிருந்து பறிபோவதே ஒரு பாதிப்பு என்று இத்துறை அறிஞர்கள் சொல்கிறார்கள். தமக்குப் பொருளுள்ள செயல்களில் ஈடுபடுவது மனித உரிமை என்று உலகச் சம்மேளனம் 2006 இல் ஓர் அறிக்கையில் கூறியது. முகாமில் இளைஞர் குடிக்குப் போனதையும், முதியவர்கள் சுவரைப் பார்த்தபடி இருந்ததையும் கண்ட நாம், அதைச் சோம்பல் என்று பெயரிட்டோம். கொட்டிலின் ஓரத்தில் நாலு கத்தரிக் கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றிய அம்மாக்களைப் பார்த்து, இதனால் என்ன வருமானம் என்று கேட்டவர்களும் உண்டு. தங்கள் நாட்களை அவர்கள் அந்தக் கன்றுகளில் பிடித்து வைத்திருந்தார்கள்.

மிதிவெடியில் கால் இழந்தவர்களுக்கும் இது பொருந்தும். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்தை நாம் அறிவோம். 1968 இல் ஜெய்ப்பூரில் வைத்தியர் சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய அந்தப் பாதத்தின் சிறப்பு, அது குந்தி இருக்கவும் வெறுங்காலுடன் சேற்றில் நடக்கவும் ஏற்றதாக அமைந்தது. எங்கள் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார்த்துச் செய்த கால் அது. அந்த எண்ணமே தொழில்வழிச் சிகிச்சையின் உயிரும்.

நாம் செய்யக்கூடியவை

வீட்டில் பாரிசவாதம், தலைக்காயம், கைக்காயம், எரிகாயம், மூளைவாதம், நீண்டகால மனநோய் உள்ளவர் இருந்தால், கிளினிக்கில் வைத்தியரிடம் "தொழில்வழிச் சிகிச்சைக்கு அனுப்பலாமோ?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். போதனா வைத்தியசாலையிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் விசாரியுங்கள். கடிதம் தந்தால் அதைப் பேணிக்குள் வைக்க வேண்டாம். முதல் மாதங்கள் மிகப் பெறுமதியானவை. பிந்தினாலும் போவதில் பயன் உண்டு.

போகும்போது, நோய்க்கு முன் அவர் என்ன செய்தார், இப்போது எதைச் செய்ய முடியாமல் இருக்கிறது, எதைச் செய்ய ஆசைப்படுகிறார் என்பதைச் சொல்லுங்கள். வீட்டில் கிணறு, மலசலகூடம், குசினி எப்படி உள்ளன என்பதையும் சொல்லுங்கள். படி உயரமாக இருந்தால் சாய்தளம் அமைக்கலாம். அதற்குக் கணக்கு எளிது: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அரை அடிப் படிக்கு ஆறு அடி. குந்த முடியாதவருக்கு, நடுவில் துளையிட்ட உறுதியான கதிரை மலசலகூடத்தில் உதவும். உபகரணங்களுக்கும் வீட்டுத் திருத்தத்துக்கும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.

வீட்டார் செய்ய வேண்டியது பொறுமை. அவர் ஒரு பொத்தான் போட ஐந்து நிமிடம் எடுத்தால் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுங்கள்.

கை சூம்பியிருந்த மனிதரைப் பற்றி நற்செய்தியில் வாசிக்கிறோம். அது வலக்கை என்று லூக்கா குறித்துவைத்தார். அவர் கட்டட வேலை செய்யும் மேசன் என்றும், பிச்சை எடுக்கும் வெட்கத்திலிருந்து தன்னை விடுவிக்கும்படி கேட்டார் என்றும் ஒரு பழைய மரபு இருந்ததை எரோணிமுஸ் என்ற புனிதர் எழுதிவைத்தார். ஆண்டவர் அவருடைய கையைத் தாமே பிடித்து நிமிர்த்தவில்லை. நீட்டும்படி அவரிடமே சொன்னார். அவர் நீட்டினார். அந்தக் கை மறுநாள் கல் அடுக்கியிருக்கும். அதற்கு முன் அன்று இரவே தன் வீட்டில் அப்பத்தைப் பிட்டிருக்கும். அந்த இரண்டும் தொழில்தான்.